யூஃபியூயிசத்துக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தார்க்கு,

முதுகலை மாணவர்க்கான ஆங்கில இலக்கிய வரலாற்றின் மூன்றாம் இயல் திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஜான் லிலி 1578இல் வெளியிட்ட ‘யூஃபியூஸ்’ கதையால் பெயர்பெற்ற பகட்டு உரைநடைக்கு மட்டும் சொல் அமையவில்லை. மெய்ப்பில் யாரோ ‘இடக்கரடக்கல்’ என்று திருத்தியிருக்கிறார்கள். அது, சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் யூஃபெமிசம் ஆயிற்றே! ‘அணிநடை’ எனலாமா?
க.

அம்மையீர்,

அணி குற்றமன்று, அச்சொல்லில் இகழ்ச்சி தொனிக்கவில்லை. அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் வைதருப்பம், கௌடம் எனச் செய்யுளுக்கு இரு நெறி வகுத்திருக்க, நாம் ஏன் அலைய வேண்டும்? ‘கௌடநடை’ என்க.
சி.

ஐயா,

கௌடத்தார் விரும்பும் ‘வலி’ என்பது தொகைச்சொற்கள் மிக வருதல். லிலியின் வழி அதுவன்று. அவர் வாக்கியத்தை இரு சமக் கூறாக்கி, எதிர்ச்சொற்களை நேர் நிறுத்தி, மோனையால் கட்டி, அதன்மேல் பண்டை உரோம அறிஞர் பிளினியிடமிருந்து வந்த கல், புல், விலங்கு உவமைகளை அடுக்குவார். மிதிக்க மிதிக்கப் பரவும் சீமைச்சாமந்தி அவற்றுள் ஒன்று. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதற்பாகத்தில், அரசனாக நடிக்கும் ஃபால்ஸ்டாஃப், சாமந்தி மிதிக்க மிதிக்க வளரும், இளமையோ வீணாக்க வீணாக்கத் தேயும் என்று இளவரசனுக்குப் புத்தி சொல்வது இந்த நடையைப் பகடி செய்வதே. முரணும் மோனையும் நம் யாப்பில் உள்ளவை. ‘முரண்மோனை நடை’ என்றால் மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்த மாணவருக்கு விளக்கமே வேண்டாம்.
மு.

கிரேக்கத்தில் யூஃபியூஸ் என்றால் நல்லியல்பு வாய்க்கப்பெற்றவன். அதன் வேர் வளர்தலைக் குறிக்கும். வடமொழியில் ஆதலைக் குறிக்கும் ‘பூ’ (bhū) வினை அதற்கு உறவு. நம் ‘பூத்த’லுக்கும் தோன்றுதல் என்ற பொருளுண்டு. ஆகவே, வேர் கெடாமல் ‘நற்பூப்பு நடை’ என்பதே தகும்.
இரா.

நற்பூப்பு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பை அடக்குவது யார், ஐயா? தமிழ்ப் ‘பூ’வை இதில் இழுப்பதற்குச் சான்றும் இல்லை.
மு.

அன்புடையீர்,

நால்வர் ‘முரண்மோனை’ என்கிறீர்கள். உவமை அதில் விடுபடுகிறது. உவமையையும் சேர்த்தால் சொல் நீண்டு, லிலியின் நடையாகவே ஆகிவிடுகிறது. எனவே தலைப்பில் ‘யூஃபியூஸ் நடை’ என்றும், விளக்கத்தில் ‘முரண்மோனை நடை’ என்றும் இட்டு அனுப்பிவிட்டேன்.
க.

மோனை வருமானால், செறிவு என்னும் நெகிழா ஓசை தளர்ந்தாலும் ஏற்பது கௌடநெறி என்பதை எவரும் மறுக்கவில்லை. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுதுவேன்.
சி.