ஷெரிஃப் துறையில் கமாண்டர் பதவி எதற்கு? ஒரு விவாதம்

ஆர்ட்டீசியா மணி:
எங்கள் ஊர் ஆர்ட்டீசியாவுக்குத் தனிப் போலீஸ் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், போலீஸான ஷெரிஃப் துறைக்கு நகரம் பணம் கட்டுகிறது, லேக்வுட் நிலையத்திலிருந்து ரோந்து வருகிறது. இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கும் நகரங்கள் 42. ஊரில் ஏதாவது பிரச்சினை என்றால் நகர மன்றம் பேசுவது நிலையத்தின் கேப்டனிடம்தான். எங்களைப் பொறுத்தவரை அவர்தான் போலீஸ் தலைவர்.

அந்தக் கேப்டனுக்கு மேலே கமாண்டர், சீஃப், அசிஸ்டன்ட் ஷெரிஃப், அண்டர்ஷெரிஃப் என்று நான்கு படி. அப்புறம்தான் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஷெரிஃப். கமாண்டர் என்ற படியை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. நிலையம் அவர் கையில் இல்லை, அது கேப்டனுடையது. துறையின் கொள்கையும் அவர் கையில் இல்லை, அது ஷெரிஃபுடையது. சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும் பெரிய அளவில் போகின்றன.

சந்தேகம் இருந்தால் ஷெரிஃப் துறையே நடத்தும் மென்ஸ் சென்ட்ரல் ஜெயிலில் நடந்ததைப் பாருங்கள். கைதிகளை டெபுடிகள் எனப்படும் காவலர்கள் அடிக்கிறார்கள் என்று கமாண்டர் பாப் ஓம்ஸ்டெட்டுக்குத் தெரிந்திருந்தது. மேலே சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. 2010-இல் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எல்லாம் தெரிந்தும் எதையும் நிறுத்த முடியாத பதவி எதற்கு?

கயல்விழி சு:
மணி சார், நீங்கள் சொன்ன அதே உதாரணத்திலிருந்து நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். அந்தச் சிறையின் கதையைக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

மென்ஸ் சென்ட்ரல் ஜெயில் 1963-இல் திறந்த கட்டடம். அமெரிக்காவிலேயே மிகப் பெரிய சிறை நிர்வாகத்தின் நடுவில் இருக்கிறது. அங்கே மூவாயிரம் என்ற எண்ணில் தொடங்கும் மாடியில் வேலை பார்த்த டெபுடிகள் சிலர் தனிக் கூட்டமாகிவிட்டார்கள். ‘3000 பாய்ஸ்’ என்றே அவர்களுக்குப் பெயர். 2006-இல் சிறையின் கேப்டனாக இருந்தவர் இதை உடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் ஒரே மாடியில் நிரந்தரமாக இருக்கக் கூடாது, சுழற்சி முறையில் மாற வேண்டும் என்றார். அவ்வளவு எளிமையான திட்டம். அப்போது அசிஸ்டன்ட் ஷெரிஃபாக இருந்த பால் டனாகா அதைத் தடுத்தார். கேப்டன் வேறு இடத்துக்குப் போனார், அந்த நாற்காலிக்கு ஓம்ஸ்டெட் வந்தார். பிறகு கமாண்டர் ஆனார்.

கமாண்டரான பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. டெபுடிகள் கைதிகள் மேல் பலத்தைப் பயன்படுத்தியது பற்றிய அறிக்கைகளை எடுத்து ஆராயச் சொன்னார். வந்த முடிவைச் சீஃபிடம் கொண்டுபோனார், அதற்கு மேலேயும் கொண்டுபோனார், கடைசியில் ஷெரிஃப் லீ பாக்காவிடமே பேச முயன்றார். சிறை வன்முறையை விசாரித்த குடிமக்கள் ஆணையம் 2012 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்த ஆணையத்தை அமைத்தது கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு.

கேப்டனுக்குத் தன் கட்டடம்தான் தெரியும். பல கட்டடங்களை, பல நிலையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற முதல் ஆள் கமாண்டர். “இங்கே மட்டும் ஏன் இத்தனை பேருக்கு எலும்பு முறிகிறது?” என்ற கேள்வி அங்கே உட்கார்ந்தால்தான் வரும். ஓம்ஸ்டெட்டுக்கு வந்தது. பதவி தன் வேலையைச் செய்தது. செய்யாதவர்கள் மேலே இருந்தார்கள்.

பாரி:
ஓம்ஸ்டெட்டை இரண்டு பேரும் பாதிக்கப்பட்டவர் மாதிரியே பேசுகிறீர்கள். சட்டைக் காலரில் நட்சத்திரம் வைத்த அதிகாரி அவர். அந்தச் சிறைக்கு அவரே இரண்டு வருடம் போலக் கேப்டனாகவும் இருந்தவர். ஆய்வு நடத்தச் சொன்னதும் மேலே போய்ச் சொன்னதும் சரி. அந்த இடைவெளியில் உள்ளே அடி வாங்கியவர்கள் யார்? அவர்களில் பலர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பு வராதவர்கள், ஜாமீனுக்குப் பணம் இல்லாதவர்கள். “மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன்” என்பது ஒரு சார்ஜெண்ட் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். கமாண்டர் சொல்லக் கூடாது.

அவர் அப்போதே வெளியே போயிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் குழு இருந்தது, மாவட்ட அரசு வழக்கறிஞர் இருந்தார், எஃப்பிஐ இருந்தது.

கயல்விழி சு:
பாரி, எஃப்பிஐயிடம் அவர் பின்னால் போய்ப் பேசத்தான் செய்தார், ஆணையத்தின் முன் சாட்சியும் சொன்னார். சீக்கிரமே போயிருக்கலாம் என்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படியே இல்லாமல் இருந்திருந்தால் போய்ச் சொல்ல யார் இருந்திருப்பார்கள்? நான் கேட்பது அவ்வளவுதான்.

ஆர்ட்டீசியா மணி:
யார் சொல்லியிருப்பார்களா? கேப்டனே சொல்லியிருப்பார், நேராக. 2006-இல் சுழற்சித் திட்டம் போட்டவர் கேப்டன்தானே? நடுவில் இத்தனை படிகள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் திட்டத்தைத் தடுப்பவர் ஷெரிஃபாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஷெரிஃப் தடுத்தால் அவருக்கு ஓட்டுப் போட்ட நாங்கள் கேட்டிருப்போம். இத்தனை படிகள் இருப்பதால்தான் “எனக்குத் தெரியாது” என்று பாக்காவால் சொல்ல முடிந்தது.

தென்றல்வாசன்:
நான் இந்த வழக்குகளைத் தொடர்ந்து படித்தவன். மணி சார் சொல்வதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

2011 கோடையில் எஃப்பிஐ அந்தச் சிறையில் ஒரு கைதியைத் தகவலாளியாக வைத்திருந்தது. அவரிடம் செல்போன் பிடிபட்டது. துறை என்ன செய்தது? அந்தக் கைதியை வேறு பெயர்களில் இடம் மாற்றி மாற்றி எஃப்பிஐ கண்ணில் படாமல் வைத்தார்கள். எஃப்பிஐ அதிகாரியின் வீட்டு வாசலுக்கே போய்க் கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். இதற்காக நீதியைத் தடுத்த குற்றத்தில் யார் யார் தண்டனை பெற்றார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். டெபுடிகள், இரண்டு சார்ஜெண்டுகள், இரண்டு லெஃப்டினன்ட்கள். பொய் சொன்னதை ஒப்புக்கொண்ட ஒரு கேப்டன். அதற்கு மேல் நேராக அண்டர்ஷெரிஃப் டனாகா, 2016-இல் ஐந்து வருடச் சிறை. அவருக்கும் மேலே பாக்கா, 2017-இல் மூன்று வருடம்.

கேப்டனுக்கும் அண்டர்ஷெரிஃபுக்கும் நடுவில் இருக்கும் மூன்று பதவிகளில் ஒருவர்கூட இந்தப் பட்டியலில் இல்லை. மணி சார் கேட்கிற மாதிரி, நடுவில் யாரும் இல்லாமல் மேலே இருப்பவர் நேராகக் கீழே இருப்பவரிடம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் சாட்சி. டனாகா இதைப் பல வருடமாகவே செய்துவந்தார். கீழ்மட்டத்தில் தனக்கு வேண்டியவர்கள் தங்கள் மேலதிகாரிகளைத் தாண்டி நேராகத் தன்னிடம் வரலாம் என்று வைத்திருந்தார். அதிகாரச் சங்கிலியை அவர் குலைத்தார் என்று ஆணையமே எழுதியது. அவர் அப்போது கார்டினா நகரத்தின் மேயராகவும் இருந்தார். அவருடைய தேர்தல் செலவுக்குத் துறை ஆட்களே நன்கொடை கொடுத்தார்கள். கொடுத்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்ற எண்ணம் துறை முழுக்கப் பரவிவிட்டால், நடுவில் உட்கார்ந்திருக்கும் கமாண்டரின் சொல்லுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

பாரி:
அதே பட்டியலை நான் வேறு மாதிரி படிக்கிறேன். நடுவில் இருந்தவர்கள் குற்றம் செய்யவில்லை, சரி. ஒரு கைதி துறையின் கணினியிலிருந்தே மறைகிறார், சிறைப் பிரிவில் இத்தனை பேர் அதற்கு வேலை பார்க்கிறார்கள். நட்சத்திரம் வைத்த அதிகாரிகளில் ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. விழுந்திருந்து பேசாமல் இருந்தால் அது குற்றமாகாது, ஆனால் கடமை தவறியதுதான்.

தென்றல்வாசன்:
காதில் விழுந்திருக்கும் என்பது உங்கள் ஊகம். ஆதாரம் இல்லாமல் அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கடமை பற்றிச் சொல்வதை ஏற்கிறேன்.

வெண்ணிலா ரா.:
சிறையை விட்டு வெளியே வாருங்கள். கமாண்டரின் வேலை அது மட்டுமில்லை.

2025 ஜனவரி 7 மாலை ஆறு மணிக்குப் பிறகு ஈட்டன் கேன்யனில் தீப் பிடித்தது. பக்கத்திலிருக்கும் ஆல்டடீனாவுக்கு நகராட்சி கிடையாது, நேரடியாகக் கவுண்டிக்குள் வருகிறது. அங்கே ஷெரிஃப் நிலையம் இருக்கிறது. ஊரின் நடுவே போகும் லேக் அவென்யூவுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு வெளியேறும் உத்தரவு அன்று மாலையே வந்துவிட்டது. மேற்கே இருந்தவர்களுக்கு வந்தது அதிகாலை மூன்று மணிக்கு மேல். அந்தத் தீயில் 19 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் மேற்குப் பக்கத்தில். வயதானவர்கள், நடமாட முடியாதவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

உத்தரவு ஒன்று போக வேண்டும் என்றால் தீயணைப்புத் துறை, ஷெரிஃப் துறை, அவசரகால அலுவலகம் மூன்றும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். கவுண்டி பின்னால் ஒரு வெளி நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்தது. யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை என்று அது சொன்னது. பழைய விதிமுறைகள், ஒன்றோடொன்று பேசாத கருவிகள் என்றெல்லாம் பட்டியல் நீண்டது.

நிலையக் கேப்டன் அந்த இரவில் தெருத் தெருவாகக் கதவு தட்ட ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார். ஷெரிஃப் கேமரா முன்னால் நிற்க வேண்டியிருக்கும். கூட்டுக் கட்டளை மேசையில் தீயணைப்பு அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “லேக் அவென்யூவுக்கு மேற்கே இன்னும் ஏன் உத்தரவு போகவில்லை?” என்று கேட்கும் தகுதியும், பக்கத்து நிலையங்களிலிருந்து வண்டிகளை வரவழைக்கும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். கேப்டனுக்கு அந்த அதிகாரம் தன் நிலையத்தோடு முடிகிறது. மணி சார், அந்தப் படியை எடுத்துவிட்டால் அந்த மேசையில் யாரை உட்கார வைப்பீர்கள்?

ஆர்ட்டீசியா மணி:
வெண்ணிலா, அந்த இரவில் எல்லாப் பதவிகளும் இருந்தன. கமாண்டர்கள் இருந்தார்கள், சீஃப்கள் இருந்தார்கள். உத்தரவு அப்படியும் ஒன்பது மணி நேரம் தாமதம். அவசரத்துக்கு ஒரு மூத்த ஆள் வேண்டும் என்றால் அந்த நேரத்துக்கு ஒரு கேப்டனை நியமித்து அதிகாரம் கொடுக்கலாம். தீயணைப்பில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே பொறுப்பு பதவியைப் பார்த்து வருவதில்லை, அந்தச் சம்பவத்தைப் பார்த்து வருகிறது.

2018-இல் அலெக்ஸ் வியனுவேவா ஷெரிஃபாக வந்ததையும் நினைத்துப் பாருங்கள். லெஃப்டினன்டாக ஓய்வு பெற்றவர், நடுவில் எந்தப் படியிலும் உட்காராமல் நேராக ஷெரிஃப் ஆனார். பதவியில் இருந்த ஜிம் மெக்டானலைத் தோற்கடித்தார். மேல்மட்டம் பெருத்துவிட்டது என்ற பேச்சுக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கயல்விழி சு:
வந்ததும் மேல்மட்டத்தில் இருந்த பலரை அனுப்பினார், உண்மைதான். அதனால் என்ன மாறியது? ‘பாண்டிடோஸ்’, ‘எக்ஸிக்யூஷனர்ஸ்’ என்று பச்சை குத்திக்கொண்ட டெபுடிக் கூட்டங்கள் நிலையங்களில் இருந்தபடியே இருந்தன. குடும்ப வன்முறைப் புகாரில் நீக்கப்பட்ட ஒரு டெபுடியை வியனுவேவா திரும்பச் சேர்த்தார். கவுண்டி அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அப்படி ஒரு கையெழுத்துப் போடும்போது “இது கூடாது” என்று சொல்லும் மூத்த அதிகாரி பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தவர்களை அனுப்பிவிட்டால் யார் சொல்வார்கள்? 2022-இல் அதே மக்கள் அவரையும் தோற்கடித்து ராபர்ட் லூனாவைக் கொண்டுவந்தார்கள். அதே தேர்தலில், ஐந்து மேற்பார்வையாளர்களில் நான்கு பேர் ஓட்டுப் போட்டால் ஷெரிஃபை நீக்கலாம் என்ற ‘மெஷர் ஏ’யும் நிறைவேறியது. கமாண்டர்கள் வேண்டாம் என்று யாரும் ஓட்டுப் போடவில்லை. கேட்பாரற்ற ஷெரிஃப் வேண்டாம் என்றுதான் போட்டார்கள்.

பாரி:
பதவியை வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு நிபந்தனை போடுங்கள். கமாண்டர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தால் அதன் பிரதி அன்றே, துறையை வெளியிலிருந்து கண்காணிக்கும் கவுண்டியின் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்குப் போக வேண்டும். அந்த அலுவலகம் வந்ததே 2012 அறிக்கைக்குப் பிறகுதான். ஓம்ஸ்டெட் காலத்தில் அந்த அலுவலகம் இல்லை, இன்று இருக்கிறது. சீஃபின் மேசையில் அந்தக் காகிதம் தூங்க முடியாது. அனுப்பாத கமாண்டர் பதவி இழக்க வேண்டும்.

தென்றல்வாசன்:
நல்ல யோசனை, ஆனால் யார் உத்தரவிடுவார்கள்? துறையின் உள்விதிகளை எழுதுவது ஷெரிஃப். துறையைக் கண்காணிக்க இப்போது இருக்கும் குடிமக்கள் மேற்பார்வை ஆணையம் பரிந்துரை செய்யலாம், சம்மன் அனுப்பலாம், உத்தரவு போட முடியாது. தன் கமாண்டர்கள் தன்னைத் தாண்டி வெளியே எழுத வேண்டும் என்ற விதியில் எந்த ஷெரிஃப் தானாகக் கையெழுத்துப் போடுவார்?

ஆர்ட்டீசியா மணி:
தானாகப் போட மாட்டார். எங்கள் ஊர் மாதிரி 42 நகரங்கள் பணம் கட்டுகின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த நிபந்தனையை எழுதச் சொல்லிக் கேட்கலாம். என் ஊர்க் கேப்டனுக்கு மேலே இருக்கும் கமாண்டர் யார், கடைசியாக அவர் எதைப் பற்றி எச்சரித்தார் என்று நகர மன்றத்துக்குத் தெரியும் நிலை வந்தால், பதவியை எடுக்க வேண்டும் என்று நான் பேச மாட்டேன். இன்றைக்கு அந்த நிலை இல்லை. அடுத்த மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் இதைக் கேட்கப் போகிறேன். பாரி, அந்த நிபந்தனையை நான்கு வரியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்.

பாரி:
இன்றிரவு அனுப்புகிறேன் சார். “அனுப்பாத கமாண்டர் பதவி இழக்க வேண்டும்” என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.