பெரியப்பாவின் 1917 லூகர்: இரண்டு பாகங்களின் எண் மட்டும் மாறியிருக்கிறது, விலை எப்படிக் கணிப்பது?

பழையபெட்டி:
பெரியப்பா காலமான பிறகு அவருடைய லூகர் கைத்துப்பாக்கி, பதிவெல்லாம் மாற்றி என் பெயருக்கு வந்திருக்கிறது. மேலே டி.டபிள்யூ.எம். (தயாரித்த ஜெர்மன் நிறுவனம்) எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை. குழல் தொடங்கும் இடத்தில் 1917. ஃபிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) முன்பக்கம் நான்கு இலக்க எண், அதன் கீழ் ஒரு சின்ன எழுத்து. பார்க்க வந்த வியாபாரி ஒருவர், "சுட்டுப் பழகுபவர்கள் தரும் விலைதான் தேறும்" என்றார். இணையத்தில் இதே துப்பாக்கிக்கு அதைப்போல ஐந்து மடங்கு கேட்கிறார்கள். யாரை நம்புவது? மேலெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது. நன்றாக மெருகேற்றிவிட்டுப் படம் எடுக்கட்டுமா?

குழல்நோக்கி:
ஐயோ, மெருகேற்றாதீர்கள்! மேற்பூச்சு அசல் என்பதற்கு அந்தப் பழுப்புதான் இப்போது உங்களுக்குச் சாட்சி. துணியில் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

அதற்கும் முன்னால், மேகசினை (தோட்டாக்கள் நிரப்பும் கூடு) கழற்றி, டாகிளை (மேலே மடங்கி எழும் இணைப்பு) பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். உள்ளே தோட்டா இருந்தால் மேலே ஒரு தகடு எழும்பி நிற்கும். அதன் பக்கவாட்டில் 'கெலாடன்' என்று ஜெர்மனில் இருக்கும். லூகரில் ஒரு வில்லங்கம் உண்டு. அறையில் தோட்டா இருந்தால், மேல்பகுதியை ஃபிரேமிலிருந்து கழற்றிய பிறகும் அது வெடிக்கக்கூடும்.

எண்பித்தன்:
1917 என்பது தயாரித்த ஆண்டு, மாடல் இல்லை. ஜெர்மன் ராணுவம் 1908இல் ஏற்ற பி.08 இது. ஒவ்வோர் ஆண்டும் எண்ணை முதலிலிருந்து தொடங்குவார்கள், பத்தாயிரம் ஆனதும் அடுத்த எழுத்துக்குப் போவார்கள். அதனால் ஆண்டு, எண், எழுத்து மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம். போர்க்காலத்தில் ஏராளமாகச் செய்தார்கள், ஆகவே ஆண்டுக்காக யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். குழலை மட்டும் அளந்து பாருங்கள். சுமார் 100 மில்லிமீட்டர் என்றால் சாதாரண வகை, 200 என்றால் பீரங்கிப் படையினருக்கான நீளக்குழல் வகை. அதன் கணக்கே வேறு.

உங்கள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் சின்னச் சின்ன பாகங்களிலும் இருக்கும். பொருந்தாத பாகம் பின்னால் மாற்றியது, அதனால் விலை குறையும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். மேகசினின் அடிக்கட்டையையும்.

பழையபெட்டி:
குழல் 100தான். எண் 64இல் முடிகிறது. குழலின் அடியில், டாகிளில், விசையில், பக்கத் தகட்டில் எல்லாம் 64. துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்பும் லீவரில் மட்டும் 38! மேகசினின் அடி மரக்கட்டை, ஆனால் எண் வேறு.

குழல்நோக்கி:
சரி, மோசமில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி அதன் உட்புறம் பாருங்கள். அந்தக் காலத்து டி.டபிள்யூ.எம்.மில் வெளியே மட்டும்தான் ப்ளூயிங் (எஃகுக்குத் தரும் கருநீலப் பூச்சு), உள்ளே வெறும் எஃகு. உள்ளேயும் கறுத்திருந்தால் பின்னாளில் முழுதாகப் பூச்சில் முக்கி எடுத்திருக்கிறார்கள். விசையில் அசல் வைக்கோல் நிறம் மிச்சமிருக்கிறதா?

பழையபெட்டி:
உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கிறது. விசையின் ஓரங்களில் லேசான மஞ்சள் தெரிகிறது.

சந்தைக்காரன்:
அப்புறம் என்ன, பழைய லீவர் ஒன்று வாங்கி 64 என்று பொறித்துவிடுங்கள். விலை ஏறிவிடும்.

எண்பித்தன்:
அதற்குப் பெயர் ஏமாற்று. விஷயம் தெரிந்தவர் இலக்கத்தின் வடிவத்தையும் ஆழத்தையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ஒரு பாகத்தில் பொய் என்று தெரிந்தால் சரியாக இருக்கும் பாகங்களையும் நம்பமாட்டார். 38 அப்படியே இருக்கட்டும், விற்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள். தானாகவே 64 பொறித்த லீவர் கிடைத்தால் மாற்றலாம். நான் ஒன்பது வருடமாக ஒரு மேகசின் தேடுகிறேன், அது வேறு கதை.

பழையபெட்டி:
பெரியப்பா இதை ஒரு அதிகாரி வைத்திருந்தது என்பார். அதற்கு மதிப்பு உண்டா?

குழல்நோக்கி:
காகிதம் இருந்தால் உண்டு. வாய்ச்சொல் என்றால் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த ஏலங்களைப் பாருங்கள். அதிலும் ஒரு லீவரோ மேகசினோ மாறி, ப்ளூயிங் அசலாக உள்ளவற்றை மட்டும் ஐந்தாறு எடுங்கள். ஏலத்தில் வாங்குபவர் தரும் கமிஷன் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வியாபாரி அதற்கும் கீழேதான் கேட்பார், அவருக்கும் லாபம் வேண்டுமே. ஆனால் உங்களிடம் வந்தவர் இதைச் சுடும் துப்பாக்கிக் கணக்கில் போட்டது அநியாயம். இது சேகரிப்பாளர்கள் வாங்கும் ரகம்தான், முழு எண் பொருந்தியதற்கு ஒரு படி கீழே.

விற்கவா, காப்பீட்டுக்கா?

பழையபெட்டி:
இப்போதைக்குக் காப்பீடு.

எண்பித்தன்:
அப்படியானால் இதே நிலையில் இன்னொன்றை வாங்க என்ன ஆகுமோ அந்தத் தொகையைப் போடுங்கள். அது விற்கிற விலையைவிட அதிகமாகவே வரும். படத்தில் 38ஐயும் காட்டுங்கள். அப்புறம், சுட்டுப் பார்க்கவேண்டாம். 64 பொறித்த பாகம் ஒன்று உடைந்தால் இந்தக் கணக்கை மறுபடி போடவேண்டியிருக்கும்.