ஃபினால்ப்தலீன் வீடியோவை ஜிஃப் ஆக்கினால் நிறம் திட்டுத்திட்டாக வருகிறது

கூம்புக்குடுவை:
பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். தரம் பார்த்தலில் (அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது; முடிவை ஃபினால்ப்தலீன் நிறம் மாறிக் காட்டும்) பிள்ளைகள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: பியூரெட்டை (சொட்டுவிடும் அளவுக்குழாய்) எந்தச் சொட்டில் மூடுவது என்பதில். வெளிர் இளஞ்சிவப்பில் நிறுத்தச் சொன்னால், அடர் ரோஸ் ஆகும்வரை விட்டுவிடுகிறார்கள். அதனால் கடைசிச் சொட்டுகளைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

ஆய்வகக் கணினியில் உபுண்டுவும் லிப்ரே ஆபிஸும்தான். ஜிஃப் என்றால் இம்ப்ரெஸ் ஸ்லைடில் தானாக ஓடும் என்று எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நேராக மாற்றினேன். சில வினாடிப் படம் 40 எம்பியைத் தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, நிறம் மெல்ல ஏறாமல் வெள்ளையிலிருந்து ஒரே தாவாக ரோஸுக்குப் போகிறது. நான் காட்ட நினைப்பதே நடுவில் வரும் அந்த நிறத்தைத்தான். மாணவிகளின் முகம் தெரிவதால் எந்த இணையதளத்திலும் ஏற்ற மாட்டேன். கட்டற்ற மென்பொருளிலேயே வழி உண்டா?

ஒற்றைவரி:
ஸ்கிரீன்டுஜிஃப் நல்ல மென்பொருள், ஆனால் விண்டோஸுக்கு மட்டும். உங்களுக்கு ஜிஃப்ஸ்கி சரிவரும். நிறம் அருமையாக வரும், கோப்பு மட்டும் கொஞ்சம் பெரிதாகும்.

பேலட்பித்தன்:
டீச்சர், எஃப்எஃப்எம்பெக்கே போதும். ஜிஃப் ஃபிரேம் ஒன்றில் 256 நிறங்களுக்கு மேல் இருக்க முடியாது. எந்த 256 என்று நாம் சொல்லாவிட்டால், அது எல்லாப் படத்துக்கும் பொதுவான ஒரு பட்டியலை எடுத்துக்கொள்கிறது: சிவப்புக்கு 8 படி, பச்சைக்கு 8 படி, நீலத்துக்கு 4 படி. வெள்ளை இளஞ்சிவப்பாக மாறும்போது முக்கியமாகக் குறைவது பச்சை. அதில் 255க்கு அடுத்த படியே 219 வாக்கில்தான் இருக்கிறது. நீங்கள் தேடும் வெளிர் நிறம் அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போகிறது.

எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள பேலட்ஜென் ஃபில்டர் உங்கள் வீடியோவைப் பார்த்தே நிறப்பட்டியலைத் தயாரிக்கும். பேலட்யூஸ் அதைப் படத்தில் பயன்படுத்தும். ஸ்ப்ளிட் ஃபில்டரால் இரண்டையும் ஒரே கட்டளையில் கோத்துவிடலாம். பேலட்ஜென்னில் ஸ்டேட்ஸ்மோட் என்பதை டிஃப் என்று வையுங்கள். அசையாத மேசைக்கும் ஸ்டாண்டுக்கும் நிறங்களை வீணாக்காமல், மாறும் பகுதிக்கு, அதாவது குடுவைக்கு, அதிகம் ஒதுக்கும்.

அளவுக்கு: அகலம் 480, வினாடிக்கு 10 ஃபிரேம். ஜிஃப் நேரத்தை வினாடியின் நூறில் ஒரு பங்காகத்தான் எண்ணும், அதனால் 30 ஃபிரேம் அதற்குச் சரியாகப் பொருந்தாது. 10, 20, 25 பொருந்தும். பேலட்யூஸில் டிதரை (பட்டியலில் இல்லாத நிறத்தைப் புள்ளிகள் கலந்து காட்டும் முறை) பேயர் என்று வைத்தால் கோப்பு நன்றாகச் சுருங்கும், ஆனால் குடுவைக்கு அடியில் இருக்கும் வெள்ளை ஓட்டின் மேல் மெல்லிய கட்டம் தெரியும். முதலில் டிதரை மாற்றாமல் பாருங்கள், பெரிதாக இருந்தால் மட்டும் பேயர்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். போனை ஸ்டாண்டில் மாட்டி, வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) பூட்டிவிட்டு எடுங்கள். ரோஸ் நிறம் வந்ததும் கேமரா தானாகச் சரிசெய்யப் போய் பின்னணி முழுவதும் சற்றே நிறம் மாறும். மாறிய பகுதியை மட்டும் சேமித்துத்தான் ஜிஃப் இடத்தை மிச்சப்படுத்துகிறது. எல்லாப் புள்ளியும் மாறினால் எந்த ஃபில்டரும் கைகொடுக்காது. பாடத்துக்கும் அது கெடுதல். பிள்ளைகள் பார்ப்பது கேமராவின் நிறமாக இருக்கும், கரைசலின் நிறமாக இருக்காது.

கூம்புக்குடுவை:
டிஃப் வைத்ததும் இடைநிறங்கள் வந்துவிட்டன! வெள்ளை ஓட்டின் மேல் அந்த மெல்லிய சாயல் அழகாகத் தெரிகிறது. பழைய வீடியோவிலேயே 3 எம்பிக்குள் அடங்கிவிட்டது, நாளை ஸ்டாண்டில் வைத்து மறுபடி எடுக்கிறேன். இன்னொரு சந்தேகம்: முடிந்ததும் உடனே முதலிலிருந்து ஓடுகிறது. முடிவுநிலையில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பேலட்பித்தன்:
ஃபைனல் டிலே என்று ஒரு விருப்பம் உண்டு. அதற்கு 300 கொடுங்கள், கடைசி ஃபிரேம் மூன்று வினாடி நிற்கும். ஒரே முறை ஓடி நின்றால் போதும் என்றால் லூப் மதிப்பை மைனஸ் ஒன்று ஆக்குங்கள். வகுப்புக்கு முதல் வழியே நல்லது, கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்வார்கள்.