பிலிப்பைன்ஸ் தேர்தலில் இயந்திரம் எதை மாற்றியது?

கேள்வி: பிலிப்பைன்ஸில் 2010 முதல் நாடளாவிய தேர்தல்களில் வாக்குச்சீட்டுகளை இயந்திரமே எண்ணுகிறது. இதனால் முறைகேடுகள் உண்மையில் குறைந்துள்ளனவா?

மறுமொழி: முன்பு வேட்பாளர் பெயர்களைக் கையால் எழுதி, கையாலேயே எண்ணி, முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தில், தொகுப்புப் பட்டியலில் ஒருவரின் வாக்குகளைக் குறைத்து மற்றவருக்குக் கூட்டும் ‘டக்டக்-பவாஸ்’ வித்தைக்கு நிறையவே இடமிருந்தது. இப்போது வாக்குச்சாவடியிலிருந்தே முடிவுகள் மின்னணு வழியில் செல்வதால் அந்த வழி பெரிதும் அடைபட்டுவிட்டது.

மறுமொழி: சரிதான் நண்பரே, ஆனால் வாக்குக்குப் பணம் கொடுப்பதை எந்த இயந்திரம் தடுக்கும்? 2016 முதல், சீட்டைச் செருகியதும் யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் ரசீது வருகிறது. பணம் கொடுத்தவரிடம் அத்தாட்சியாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அதை அங்குள்ள பெட்டியில் போட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள்.

கேட்டவர்: நன்றி. 2025இல் வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் பலர் இணையவழியே வாக்களித்தார்களே, அங்கே பக்கத்தில் நின்று திரையைப் பார்ப்பவரை யார் தடுப்பது?