மூட்டுவாதத்துக்கு மினோசைக்ளின்: எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

விரல்மடக்கி: நாலு வருஷமா ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கற மூட்டுவாதம். காலையில கை விரல் மடங்கவே ஒன்றரை மணி நேரம். சட்டைப் பொத்தானை என் பொண்ணுதான் போட்டுவிடுறா. வாரம் ஒருதடவை இதுக்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்து ஓடுது, ஆனா முழுசாக் கேக்கலை. "மினோசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் கொடுத்தா கிருமி செத்து வியாதி வேரோட போயிடும்"னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நிஜமா?

பழையநோயாளி: வேரோட போகாதுங்க. 1995ல வெளியான ஆய்வுல 219 பேருக்கு 48 வாரம் பார்த்தாங்க. மூட்டு வீக்கம் குறைஞ்சவங்க மினோசைக்ளின்ல 54 சதவீதம், வெத்து மாத்திரையில 39. பலன் இருக்கு, சுமார்தான். அதுவும் கிருமியைக் கொல்றதால மட்டும்னு சொல்ல முடியாது. குருத்தெலும்பை அரிக்கிற நொதிகளை அந்த மருந்து அடக்குது. இப்போ அதைவிட நல்ல மருந்துகள் இருக்கறதால டாக்டர்கள் அபூர்வமாத்தான் எழுதறாங்க. (சல்ஃபாசலசின்ங்கற மூட்டுவாத மருந்துகூட, கிருமிதான் காரணம்னு நம்பின காலத்துல பிறந்ததுதான்!)

நீலக்கால்: நான் ரெண்டு வருஷம் சாப்பிட்டேன். விறைப்பு கொஞ்சம் விட்டுச்சு. முதல் மாசம் தலைசுத்தல். அப்புறம் முழங்காலுக்குக் கீழே தோல் நீலச்சாம்பலா மாறிப்போச்சு, என் பெயரே அதுலதான் வந்தது. நிறுத்தியும் முழுசா மறையலை. லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கற நோய்) மாதிரி கோளாறையும் சிலருக்குக் கிளப்பிவிடும். இரும்பு, கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போட்டா மருந்து உடம்புல சரியாச் சேராது.

விரல்மடக்கி: நன்றிங்க. மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திட்டு இதுக்கு மாறலாம்னு இருந்தேன். நிறுத்தலை. அடுத்த தடவை டாக்டர்கிட்ட அதோட அளவைப் பத்திக் கேக்கறேன்.