பத்து வாரத்தில் பிகினி மேடை: இந்த அட்டவணை சரியா?

முதல்மேடை:
வணக்கம். மூன்று ஆண்டுகளாக எடை தூக்குகிறேன். வயது 29, உயரம் 165 செ.மீ., எடை 58 கிலோ. உடலில் கொழுப்பு 25 விழுக்காடு என்று கருவி காட்டுகிறது. உடற்கட்டுப் போட்டியில் பிகினி பிரிவுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. பயிற்சியாளர் தந்த அட்டவணை இதுதான்: தினமும் 1,100 கலோரி. காலையில் 45 நிமிடம், மாலையில் 45 நிமிடம் கார்டியோ. வாரத்தில் ஆறு நாள் எடைப்பயிற்சி. மேடையில் 51 கிலோ இருக்க வேண்டுமாம். கடைசி வாரம் முதலில் குடம் குடமாகத் தண்ணீர், பிறகு குறைத்துக்கொண்டே வந்து, போட்டிக்கு முந்தைய நாள் நண்பகலோடு நிறுத்தம். உப்பும் கிடையாது.

நான்கு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் ஸ்குவாட் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்து, ஏன் என்றே தெரியாமல் அழுதேன். இது எல்லோருக்கும் நடப்பதுதானா, இல்லை எனக்குத்தான் நெஞ்சுரம் போதவில்லையா?

பழைய இரும்பு:
எல்லோருக்கும் நடப்பதுதான். இருபது ஆண்டுகளாக ஆட்களை மேடையேற்றுகிறேன். அழாதவர் இரண்டு பேரைக்கூடக் காட்ட முடியாது. பசிக்கும், எரிச்சல் வரும், வீட்டில் சண்டை வரும். பத்து வாரம்தான், ஒரு ஆயுள் அல்ல. பயிற்சியாளரை நம்பித்தானே போனீர்கள்? பாதி வழியில் இணையத்தில் கருத்துக் கேட்டால் பத்துப் பேர் பதினொரு வழி சொல்வார்கள்.

தராசு முள்:
அந்தப் பதினொன்றில் ஒன்றாக என் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வீரர்களின் உணவு அட்டவணையைப் பார்ப்பது என் வேலை.

58 கிலோவில் 25 விழுக்காடு கொழுப்பு போனால் மிச்சம் 43.5 கிலோ. 1,100 கலோரி உண்டு, கார்டியோவில் மட்டும் 400 எரிந்தது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்; எடைப்பயிற்சியைச் சேர்க்கவே இல்லை. இதயம், மூளை, கருப்பை, எலும்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து எஞ்சுவது 700. கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு 16 கலோரி. பெண்களின் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும் இடமாக ஆய்வுகளில் அடிபடும் எண் 30. நீங்கள் அதில் பாதியைச் சற்றே தாண்டி நிற்கிறீர்கள். அழுததற்கு நெஞ்சுரம் காரணமில்லை.

எடை குறையும் வேகமும் தவறு. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு என்பதுதான் தசையைக் காப்பாற்றும் வேகமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது. 7 கிலோவைப் பத்து வாரத்தில் இறக்குவது அதைத் தாண்டிப் போகிறது. வாரம் 400 கிராம் என்று வைத்தால் பதினேழு, பதினெட்டு வாரம் வேண்டும். போட்டியைத் தள்ளிப்போடுங்கள்.

பழைய இரும்பு:
அந்த 30 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். 2003இல் வெளியான ஆய்வு, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளம்பெண்கள், ஐந்தே நாள். மூன்று ஆண்டு எடை தூக்கியவருக்கு அதை அப்படியே பொருத்துவது நியாயமா? அந்தக் கோட்டுக்கு மேலேயே இருந்துகொண்டு மேடைக்கு ஏற்ற உடலைக் கொண்டுவந்த ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா? மேடை உடல் என்றாலே கொஞ்ச காலம் பற்றாக்குறையில் வாழ்வதுதான்.

தராசு முள்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். 30 என்பது எல்லோருக்கும் ஒரே இடத்தில் போட்ட கோடு அல்ல. கோட்டைத் தொடாமல் மேடையேற முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் முழங்காலளவு நீரில் இறங்குவது வேறு, கழுத்தளவு இறங்குவது வேறு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தப் பற்றாக்குறைக்கு 2014இல் தனிப் பெயரே வைத்தது. மாதவிடாய் நிற்பது அதன் ஒரு முகம் மட்டும். எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாம் அதில் வரும்.

பின்லாந்தில் 27 உடற்கட்டு வீராங்கனைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ நான்கு மாத டயட். போட்டி முடிந்து மூன்று நான்கு மாதம் சரியாகச் சாப்பிட்ட பிறகும் தைராய்டு ஹார்மோனான டி3யும் டெஸ்டோஸ்டிரோனும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. தனியாக ஒரு வீராங்கனையைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வறிக்கையும் உண்டு: போட்டிக்குப் பிறகு மாதவிடாய் திரும்ப 71 வாரம் ஆனது.

பழைய இரும்பு:
அதே பின்லாந்து ஆய்வில் மற்ற ஹார்மோன்களில் பெரும்பாலானவை திரும்பிவிட்டன. டயட்டில் தசையும் பெருமளவு கரையவில்லை. அதை விட்டுவிட்டீர்களே. உங்கள் தராசில் ஒரு தட்டு கொஞ்சம் கனம்.

தராசு முள்:
அவர்கள் எடுத்துக்கொண்டது நான்கு மாதம். இவருக்குக் கிடைத்திருப்பது பத்து வாரம். நீங்களே என் தட்டில் எடை வைக்கிறீர்கள்.

ஈரத்துண்டு:
இருவரும் சண்டையைத் தொடருங்கள், நான் டிரெட்மில்லில் நடந்துகொண்டே படிக்கிறேன். நேரம் போவதே தெரியவில்லை.

கண்ணாடிச் செருப்பு:
நான்கு முறை பிகினி பிரிவில் நின்றவள். இருவரும் கலோரியிலேயே நிற்கிறீர்கள். எனக்குப் பதறியது அந்தத் தண்ணீர்த் திட்டத்தைப் படித்தபோதுதான்.

என் முதல் போட்டியில் நானும் தண்ணீரை நிறுத்தினேன். காலை எழுந்தபோது வயிறு ஒட்டித்தான் இருந்தது. ஆனால் தோள்களையும் காணோம், பிட்டத்தையும் காணோம். காற்றுப் போன பலூன். மேடைக்குப் பின்னால் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. நடுவர்கள் திரும்பச் சொன்னபோது ஹீல்ஸில் தடுமாறினேன். கடைசிக்கு முந்தைய இடம். தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மாவுச்சத்து தசையில் சேமிப்பாகும் வடிவம் கிளைகோஜன்; அது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது இழுத்துவைத்துக்கொள்ளும். கடைசி இரண்டு நாள் மாவுச்சத்தை ஏற்றிவிட்டுத் தண்ணீரைப் பிடுங்கினால் தசை எதைக்கொண்டு நிரம்பும்? தோலுக்கடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் சொன்னபடி கேட்டு வெளியேறும், தசையில் இருப்பது அப்படியே நிற்கும் என்று உடலுக்கு யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது போட்டியில் வழக்கமாகக் குடிப்பதைக் குடித்தேன், வழக்கமான உப்பைப் போட்டேன். போட்டியன்று காலையில் மட்டும் வயிறு உப்பாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தேன்.

இன்னொன்று. தசை நார்நாராகத் தெரிவதற்குப் பிகினியில் மதிப்பெண் இல்லை. வரிவரியாகப் போய் நின்றால் குறைக்கத்தான் செய்வார்கள். தோள் உருண்டை, இடுப்பின் சரிவு, பிட்டமும் தொடையும் சேரும் இடம், உடல் முழுவதும் ஒரே சீராக இருப்பது, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். வறண்டுபோய் நிற்பது ஆண்கள் உடற்கட்டிலிருந்து வந்த இரவல். அவர்களுக்கே அது எங்கே கொண்டுவிட்டது என்பது தெரியும். 1992இல் முகமது பெனாசிசா என்ற உடற்கட்டு வீரர் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார்.

பழைய இரும்பு:
பெனாசிசாவின் கதை நீரை வெளியேற்றும் மாத்திரைகளின் கதை. நான் மாத்திரை பற்றி ஒரு சொல்லாவது எழுதினேனா? யாராவது அதை நீட்டினால் அந்த ஆளிடமிருந்து ஓடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். அது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலிலேயே இருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் என்று காதோடு சொல்லித் தரப்படும் கிளென்புடெராலும் அப்படித்தான். தண்ணீரைக் கொஞ்சம் குறைப்பதையும் அதையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

கண்ணாடிச் செருப்பு:
ஒரு சொட்டும் கூடாது என்பது கொஞ்சம் குறைப்பதா?

பழைய இரும்பு:
இல்லை. அது அதிகம்தான். முதல் போட்டிக்கு வருபவரிடம் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஓரக்கண்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கிறேன்: இதற்காக எதற்கு இவ்வளவு பாடு? எடை தூக்கும் போட்டியென்றால் எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்பதற்கு விடை உண்டு. இங்கே மூன்று ஆண்டு தூக்கிய எடையை யாரும் கேட்கப்போவதில்லை. தோலின் நிறம், முகப்பூச்சு, கூந்தல், நடை எல்லாமே நடுவர்களின் பார்வைக்குள் வருகின்றன. 1980இல் பெண்கள் உடற்கட்டின் உச்சப் போட்டியான மிஸ் ஒலிம்பியா முதன்முதலாக நடந்தது. 2010இல் பிகினி ஒலிம்பியா வந்தது. 2014க்குப் பிறகு மிஸ் ஒலிம்பியாவையே நிறுத்திவிட்டு 2020இல்தான் மீண்டும் கொண்டுவந்தார்கள். தசை மிகுந்த பெண்ணுக்கு இடம் இல்லாத அந்த ஐந்து ஆண்டுகளிலும் மினுமினுக்கும் பிகினிக்கு இடம் இருந்தது. உங்களுக்கு அதில் உறுத்தலே இல்லையா?

கண்ணாடிச் செருப்பு:
உறுத்தல் உண்டு. முதல் முறை கண்ணிமை ஒட்டும்போது, இதற்கும் என் ஸ்குவாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நானும் யோசித்தேன். ஆனால் அந்தத் தோள் ஒட்டிவைத்தது அல்ல, ஓரக்கண். இரண்டு ஆண்டு தலைக்குமேல் தூக்கி வந்தது. பரதம் ஆடுபவரிடம் அலங்காரத்தைக் காட்டி, அடவெல்லாம் பொய் என்று சொல்வீர்களா?

ஓரக்கண்:
அடவுக்காக மாதவிடாயை நிறுத்திக்கொள்ளச் சொன்னால் சொல்வேன்.

தராசு முள்:
நல்ல பதில். விவாதம் வேறு பக்கம் போகிறது; கேள்வி கேட்டவரைக் காணோம்.

முதல்மேடை:
இருக்கிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: "மற்றவர்கள் செய்தார்கள், உங்களால் முடியாதென்றால் சொல்லிவிடுங்கள்." முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் போட்டித் தேதி தெரியும். பின்வாங்கினால் கேட்பார்களே என்றிருக்கிறது. 51 கிலோ வராமல் மேடையில் நின்றால் சிரிப்பார்களா?

கண்ணாடிச் செருப்பு:
உங்கள் பிரிவைப் பிரிப்பது உயரம். மேடையில் தராசு வைக்க மாட்டார்கள். 51 என்ற எண் எப்படி வந்தது என்று அவரைக் கேட்டீர்களா? போன முறை யாரோ ஒருவர் 51இல் நன்றாக இருந்திருப்பார், அவ்வளவுதான்.

தராசு முள் சொன்னதுபோல் தள்ளிப்போட வேண்டும் என்றுகூட நான் சொல்லமாட்டேன். இதே போட்டிக்குப் போங்கள். 54 கிலோவில் நில்லுங்கள். கடைசி இடம் கிடைக்கலாம். ஆனால் விளக்கு முகத்தில் அடிக்கும்போது சிரிப்பு எப்படி உறைகிறது என்பது வீட்டுக் கண்ணாடியில் தெரியாது.

தராசு முள்:
இங்கே நான் உடன்படவில்லை. 54 என்று தொடங்குபவர், மேடை நெருங்க நெருங்க 53, 52 என்று துரத்தத்தான் போகிறார். நாள் அருகில் இருக்கும்போது யாருக்கும் நிதானம் இருப்பதில்லை.

பழைய இரும்பு:
நாள் தூரத்தில் இருக்கும்போது யாரும் மேடையேறுவதும் இல்லை! "அடுத்த ஆண்டு தயாராகிவிடுவேன்" என்றவர்களின் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது. தள்ளுவதென்றால் தள்ளுங்கள், ஆனால் அடுத்த தேதிக்கு இன்றே பணம் கட்டிவிட்டுத் தள்ளுங்கள். அப்புறம், அந்தப் பயிற்சியாளர் எழுதிய பதில் எனக்கும் பிடிக்கவில்லை. கண்டிப்பு வேறு, அலட்சியம் வேறு. அட்டவணைக்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

ஈரத்துண்டு:
டிரெட்மில்லிலிருந்து இறங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: போட்டிக்கு மறுநாள் என்ன ஆகும்? அதை யாரும் எழுதவில்லையே.

கண்ணாடிச் செருப்பு:
மறுநாள் சாப்பிடுவீர்கள். அதற்கு மறுநாளும். முதல் போட்டிக்குப் பிறகு இரண்டு வாரத்தில் எனக்கு ஆறு கிலோ ஏறியது. கணுக்கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. மேடைப் புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து, இப்போதைய உடலை வெறுத்தேன். பன்னிரண்டு வாரத் திட்டம் எழுதிக் கொடுத்தவர் பதின்மூன்றாவது வாரத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

தராசு முள்:
இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். உடலும் மனமும் தேறிய ஆட்கள். கொஞ்ச நாளில் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கவும், தட்டை நக்கவும் தொடங்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. அவர்களை யாரும் பேராசைக்காரர்கள் என்று சொல்லவில்லை. போட்டி முடிந்த பெண்ணை மட்டும் கட்டுப்பாடில்லாதவள் என்கிறோம். முதல்மேடை, போட்டிக்குப் பிந்தைய எட்டு வாரத்துக்கும் இப்போதே எழுதி வாங்குங்கள். அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ மருத்துவரிடம் போங்கள்.

முதல்மேடை:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பயிற்சியாளரை விட்டுவிட்டேன். பத்தொன்பது வாரம் கழித்து வரும் போட்டிக்குப் பணம் கட்டியாயிற்று (பழைய இரும்பு ஐயா கவனிக்க). இப்போது 1,500 கலோரி, கார்டியோ ஒரு வேளை மட்டும். தூக்கம் வருகிறது. அலுவலகத்தில் ஒருவர் மட்டும் கேட்டார், தேதி மாறிவிட்டது என்றேன், "அப்படியா" என்று காபி எடுக்கப் போய்விட்டார். இதற்கா இவ்வளவு பயந்தேன்!

போஸ் பயிற்சி தொடங்கிவிட்டேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காணொளி எடுத்துப் போட்டிருக்கிறேன். குறை சொல்லுங்கள்.

கண்ணாடிச் செருப்பு:
தினமும் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள், கார்டியோவைவிட இது உதவும். தோலுக்கு நிறமேற்றும் மேடைப் பூச்சு போடும் நாளில் வியர்வை நாற்றத்துக்குப் போடும் எதையும் அக்குளில் தடவாதீர்கள். என் இரண்டாவது போட்டியில் பச்சை நிறத்தில் ஒழுகியது.

பழைய இரும்பு:
முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கத்தில் மூச்சை அடக்குகிறீர்கள், தோள் காதை நோக்கி ஏறுகிறது. இடுப்பைத் தள்ளுவது சரி, ஆனால் முதுகை அவ்வளவு வளைக்க வேண்டாம். ஒன்று கேட்கிறேன்: ஹீல்ஸ் போட்டுக்கொண்டா எடுத்தீர்கள்?

முதல்மேடை:
வெறுங்காலோடு.

பழைய இரும்பு:
அப்படியென்றால் மறுபடி எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.