பெட்ரோல் ஆவிக் கசிவு: கண்ணுக்குத் தப்பிய ஓட்டை உங்களுக்கு எங்கே இருந்தது?

மண்பாதை:
பி0442. இந்த எண்ணைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை; மற்றவர்களுக்கு: செக் இன்ஜின் விளக்கு எரியும்போது, பெட்ரோல் ஆவி எங்கோ சிறிதாகக் கசிகிறது என்று ஸ்கேனர் காட்டும் குறியீடு இது. இருபது வருடப் பழைய பிக்கப். டேங்க் மூடியை இரண்டு முறை மாற்றினேன். குறியீட்டை அழித்தால் பத்து நாள் விளக்கு அணைந்திருக்கும், பிறகு மறுபடி எரியும். கடைசியில் புகைச் சோதனைக்குக் கொடுத்தேன். மெக்கானிக், வெளிக்காற்று வந்துபோகும் வென்ட் வால்வை மூடிவிட்டுப் புகையை உள்ளே விட்டார். நான் டார்ச்சோடு பின்சக்கரத்தின் அருகே மல்லாந்து கிடந்தேன். பெட்ரோல் நிரப்பும் குழாயைத் தாங்கும் கிளாம்புக்குப் பின்னாலிருந்து, ஊதுபத்தியிலிருந்து எழுவதுபோல ஓர் இழை எழுந்தது. அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினால் உள்ளே துரு, துருவில் ஊசித்துளை. குழாயை மாற்றினோம்.

ஆறு வாரம் கழித்து இப்போது பி0456. 1 மி.மீ. ஓட்டை போய், 0.5 மி.மீ. அளவில் இன்னொன்று மிஞ்சியிருக்கிறது. முதல் புகையைக் கண்ட மகிழ்ச்சியில் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

விரல்நுனி:
புகையை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு இரண்டு முறை சோதனை செய்தும் வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனால் பெட்ரோல் நிரப்பிய கையோடு கிளப்பினால் மட்டும் இன்ஜின் திணறும். அந்தத் தடயத்தை மாதக்கணக்கில் பொருட்படுத்தாமல் விட்டேன். ஒருநாள் காலையில், இன்ஜினைக் கிளப்பி அது சூடாகும் முன்பு, பர்ஜ் வால்விலிருந்து (ஆவியை இன்ஜினுக்குள் விடும் வால்வு) கேனிஸ்டருக்கு (ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி) போகும் ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தேன். மெல்ல உறிஞ்சியது. அந்த நேரத்தில் இறுக மூடியிருக்க வேண்டிய வால்வு! புகையெல்லாம் அதன் வழியே இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தால் வெளியே எப்படித் தெரியும்?

தொட்டிதூக்கி:
என் வண்டியில் பர்ஜ் வால்வு புதியது, மூடி புதியது, கேனிஸ்டரும் புதியது. எல்லாம் வீண் செலவு. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் லேசாகப் பெட்ரோல் வாடை வரும். நான்கு பேர் சேர்ந்து, சாமான் ஏற்றும் பின்தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினோம். கம்ப்ரசர் காற்றைக் கொஞ்சம் விட்டு, டேங்கின் தலைப்பகுதியில் சோப்பு நீர் தெளித்தேன். பெட்ரோல் பம்ப்பின் வளையத்தைச் சுற்றிக் கடுகளவு குமிழிகள். முன்பு பம்ப் மாற்றியவர் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை முறுக்கிவிட்டுப் பூட்டியிருந்தார். அந்தக் குமிழிகளை இன்னும் மறக்க முடியவில்லை.

பழைய சாவி:
தொட்டிதூக்கி அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், கம்ப்ரசர் காற்றை டேங்குக்குள் விட்டது பெரிய தவறு. பெட்ரோல் ஆவியோடு காற்று கலந்தால் ஒரு தீப்பொறி போதும். இந்தச் சோதனைக்கு அரை பி.எஸ்.ஐ. அழுத்தமே தாராளம். அதற்கு மேல் போனால் டேங்க் அழுத்த சென்சாரும் கெடும், நல்ல இணைப்புகளும் பிளந்துகொள்ளும். புகை இயந்திரத்தில் நைட்ரஜன் போன்ற மந்த வாயுவைப் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

இன்னொன்று. பழுது பார்த்த மறுநாளே விளக்கு எரியவில்லை என்று மகிழாதீர்கள். குறியீட்டை அழித்ததும் வண்டி தன் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரவு முழுக்க நின்று இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், டேங்க்கில் பெட்ரோல் பெரும்பாலும் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எப்போதும் நிறைய நிரப்பியே ஓட்டுபவருக்கு அந்தச் சோதனை நடக்கவே நடக்காது. மண்பாதையின் "பத்து நாள்" கணக்கும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். பெட்ரோல் பங்கில் நிரப்பும் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி நிரப்பாதீர்கள். திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் கரி வீணாகிவிடும். என் கேனிஸ்டர் அப்படித்தான் போனது. கழற்றியபோது கையில் கனத்தது, சாய்த்ததும் பெட்ரோல் சொட்டியது.

தொட்டிதூக்கி:
காற்றைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், இனிச் செய்ய மாட்டேன். ஆனால் முறுகிய ஓ-ரிங்கை எந்த ஸ்கேனரும் காட்டியிருக்காது. டேங்கின் தலையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

மண்பாதை:
நேற்றுக் காலை விரலை வைத்துப் பார்த்தேன். உறிஞ்சல் துளியும் இல்லை, பர்ஜ் வால்வு நன்றாக மூடுகிறது. மாலையில் டேங்க்கை நிரப்பிவிட்டு வண்டியைச் சுற்றி முகர்ந்தேன். பின்தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவே குனிந்தபோது அந்த வாடை இருந்தது. என் வண்டியிலும் இரண்டு வருடத்துக்கு முன்பு பம்ப் மாற்றினார்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன், அதன் பிறகு தொட்டியைத் தூக்குகிறோம். புது ஓ-ரிங் வாங்கி வைத்துவிட்டேன். இந்த முறை எதைக் கண்டுபிடித்தாலும், அதைச் சரிசெய்தபின் மறுபடி புகை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டுகளைப் பூட்டுவேன்.